வெள்ளிக்கிழமை அரைப்பக்கம்

விடை வேண்டாம்,
எங்கே இடறினாய் என்று மட்டும் எழுது.
இணைந்த கணிதம், வெள்ளி, கடைசிப் பாடவேளை,
கொப்பியில் கிழித்த அரைப்பக்கம்.

முதல் வாரம் எழுதினேன்: எங்கும் இடறவில்லை.
திரும்பி வந்த தாளில் பச்சை மையில் ஒரு கேள்விக்குறி.
அவசரத்தில் அதற்கும் புள்ளி போடவில்லை
அருள்நேசம் டீச்சர்.

இரண்டாம் வாரம் மீதித் தேற்றம்.
x சய இரண்டால் வகுத்தால் மீதி என்ன?
வகுத்து மினக்கெட வேண்டாம்,
x நிற்கும் இடமெல்லாம் இரண்டை இருத்து,
மீதி தானாய் வந்து விழும்.
அன்று பின்னேரம் நூறாம் நம்பர் பஸ்.
பம்பலப்பிட்டியில் நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.
வெள்ளவத்தைச் சந்தை போனது, பாலம் போனது,
தெஹிவளையில் இறங்கி
நகரும் பஸ்ஸைப் பார்த்தபடி நின்றேன்.
எழுதினேன்: தேற்றம் விளங்கிற்று.
பிரயோகத்தில் சந்தேகம் உண்டு.

மூன்றாம் வாரம் பகுதிப் பின்னம்.
ஒரு பெரிய பின்னத்தை இரண்டு சின்னதாய் உடைப்பது,
அம்மா வாடகையை உடைத்து
முதலாம் திகதி பாதி, பதினைந்தில் பாதி என்பதுபோல.
A கண்டேன், B கண்டேன்.
வீட்டுக்காரர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

நாலாம் வாரம்
x வர்க்கம் சக ஒன்று சமன் பூச்சியம்.
தன்மைகாட்டி பூச்சியத்திலும் குறைவு.
வளையி அச்சுக்கு மேலே தொங்குகிறது,
எங்கள் ஸ்டேஷனில் நிற்காத கடுகதிபோல்
கிட்ட வந்து, தொடாமல் போகிறது.
‘மெய்ம்மூலங்கள் இல்லை.’
அடியில் இரண்டு கோடு கீறினோம்.

சனிக்கிழமை ரியூஷனிலும் அதே பாடம்.
‘ஆகவே மூலம் இல்லை’ என்று சேர் சொல்ல,
‘சேருக்குச் சுகமாகிவிட்டது’ என்றான்
பின்வாங்கில் ஒருத்தன்.
வகுப்பே சிரித்தது, நானும்தான்.
மதுராங்கி சிரிக்கவில்லை.
அவளுடைய அக்காவுக்கு மூல நட்சத்திரம்.
பெண் மூலம் நிர்மூலமாம்:
கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த பேச்சும்
கனடாவிலிருந்து வந்த பேச்சும்
குறிப்பை விரித்த இடத்திலேயே மடிந்துபோயின.
அந்த வாரம் நான் இடறிய இடம் அதுதான்.
எழுதவில்லை.

ஐந்தும் ஆறும் காய்ச்சல்.
டெங்கு இல்லை.

ஏழாம் வாரம்
பலகையில் மறுபடியும் x வர்க்கம் சக ஒன்று.
அதே சோக்கு, அதே சமன்பாடு,
இந்தமுறை இரண்டு மூலம்: i, சய i.
எனக்குக் கோபம் வந்தது.
அப்போ அந்த இரண்டு கோடு எதற்கு?
மெய் இல்லையென்றால் பொய் என்றல்லவா
ஒரு மாதமாய் நினைத்திருந்தேன்?
மதுராங்கி தன் அரைப்பக்கத்தை
என் பக்கம் தள்ளினாள்.
‘கோட்டில் தேடினோம். அது தளத்தில் இருந்தது.’
வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.
அக்காவிடம் காட்டினாளா, கேட்கவில்லை.

பின்னேரம் ஸ்டேஷனில் கடலைப் பார்த்து நின்றேன்.
தண்டவாளம் மெய்யச்சு.
கோட்டைப் பக்கம் சக, பாணந்துறைப் பக்கம் சய,
நான் நிற்கும் சிலிப்பர்க்கட்டை பூச்சியம்.
கடல்பக்கம் ஓர் அலகு: i.
அங்கே ஈரப் பாறையில் ஒரு நண்டு.
மரைன் டிரைவ் பக்கம் ஓர் அலகு: சய i.
அங்கே கொத்துரொட்டித் தகரம் அடிபடுகிறது.
நண்டுக்கும் ரொட்டிக்கும்
என்னிலிருந்து ஒரே தூரம்.

இவற்றுள் எது பெரிது?
சிக்கலெண்களில் பெரிது சிறிது கிடையாது,
வரிசையில் நிறுத்த முடியாது என்றார் டீச்சர்.
சொல்லிவிட்டு
தவணைப் பரீட்சை நிலைப் பட்டியலைக்
கதவில் ஒட்டினார்.
மதுராங்கி நாலு. நான் பதினேழு.
அடுத்த வருஷம் இசட் புள்ளி வேறு,
நாலு தசமதானத்துக்கு.

இந்த வாரம் எங்கே இடறினேன் என்று
இப்போதுதான் எழுதத் தொடங்கினேன்.
மணி அடித்துவிட்டது.
தாளும் அரைப்பக்கம்தான்.
மீதி அடுத்த வெள்ளி.